கந்தையின் வரலாறும் கடைத்தெருவின் அழகும்

ஒரு சமுதாயம் எதனைக் கலையென ஏற்றுக்கொள்கிறது, எதனை வெறும் கைவேலையென ஒதுக்கிவைக்கிறது என்பது அழகியற் பிரச்சினை மட்டுமன்று. அச்சமுதாயத்தில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோலுமாகும். கவிதையையும் நாடகத்தையும் நாவலையும் மட்டுமே ஆராய்ந்துவந்த நம் விமரிசனம், நாட்டார் பாடலையும் கூத்தையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தமை முற்போக்கு இயக்கத்தின் சாதனைகளுள் ஒன்று. ஆயினும், ஊசியும் நூலும் கொண்டு பெண்கள் ஆக்கியவை இன்னும் வாசலுக்கு வெளியிலேயே நிற்கின்றன. பாடசாலையில் மனையியலின் ஒரு கூறாகத் தையலைக் கற்பிக்கிறோம், புள்ளியிடுகிறோம், அத்துடன் மறந்துவிடுகிறோம். அந்தத் தையலுக்குள் ஒரு வரலாறு உண்டு, அவ்வரலாற்றை வாசிப்பதற்கு ஓர் அழகியல் வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை.

இக்குறையை உணர்த்தும் ஓர் உலக வழக்கத்தை இக்கட்டுரையில் நோக்குவோம். துண்டுத் துணிகளை இணைத்து மேற்பரப்பாக்கி, நடுவே பஞ்சை வைத்து, அடித்துணியையும் சேர்த்து மூன்றடுக்கையும் ஒன்றாகத் தைப்பது 'குவில்ற்' எனப்படும் ஒட்டுப்போர்வை. அமெரிக்கா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் இதனைத் தைக்கும் பெண்கள் சிறு குழுக்களாகக் கூடித் தைப்பது நெடுங்கால வழக்கம். அக்குழுக்களிற் சில, துணி வாங்குவதற்கென்றே வெளிநாடு செல்வதும் இன்று பரவியுள்ளது. அவர்கள் பெரிதும் நாடும் நாடுகளுள் யப்பான் முக்கியமானது. டோக்கியோ மாநகரின் நிப்போரித் துணித்தெரு, கியோட்டோவின் பழந்துணிச் சந்தைகள், 2002ஆம் ஆண்டிலிருந்து பல்லாண்டுகள் டோக்கியோ டோம் அரங்கில் நடைபெற்ற சர்வதேச ஒட்டுப்போர்வை விழா ஆகியவை அவர்களை ஈர்த்தன. பாதி வெறுமையான பெட்டியோடு போவதும், மூடமுடியாத பெட்டியோடு திரும்புவதும் அவர்களே சொல்லிச் சிரிக்கும் செய்தி.

இப்பயணங்களிலிருந்து ஒருவகை எழுத்தும் பிறந்துள்ளது. எந்தக் கடையில் எத்தனை மாடி, எந்த மாடியில் என்ன துணி, விலை என்ன, மதிய உணவு எங்கே, தோழியர் எங்கே வழி தவறினர் என்று விவரித்துச் செல்லும் எழுத்து அது. அதில் மகிழ்ச்சி உண்டு, நட்பு உண்டு, நிறங்களைப் பற்றிய நுண்ணுணர்வும் உண்டு. நீலத்தின் பத்துச் சாயல்களை வேறுபடுத்திக் காட்டக்கூடிய கண்கள் அப்பெண்களுடையவை. ஆனால், அந்த நீலத்தை யார் தோய்த்தார், யார் நெய்தார், அந்தத் தெரு எவ்வாறு துணித்தெருவாயிற்று என்ற வினாக்கள் அவ்வெழுத்திற் பெரும்பாலும் எழுவதில்லை.

இவ்விடத்து இரு தீர்ப்புகள் எளிதிற் கிடைக்கின்றன. வசதி படைத்த பெண்களின் வீண் பொழுதுபோக்கு இது. நுகர்வு மோகத்தின் இன்னொரு வடிவம். இதிற் பேச என்ன உண்டு என்பது ஒன்று. இத்தீர்ப்பை வழங்குவோருட் சிலர் முற்போக்காளர் என்று தம்மை அழைத்துக்கொள்வோராகவும் இருப்பர். அழகு அழகே, துணியின் வண்ணத்தை ரசிக்க வரலாறு எதற்கு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையெனத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே என்பது நம் கருத்து. முன்னது பெண்ணின் கைவேலையைக் காண மறுக்கிறது. பின்னது அக்கைவேலைக்குப் பின்னாலுள்ள கையைக் காண மறுக்கிறது. இரண்டிலும் உழைப்பு மறைந்துபோகிறது.

*

நிப்போரித் தெருவையே எடுத்துக்கொள்வோம். டோக்கியோவின் அரகாவா வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு இருமருங்கும் துணிக்கடைகள் நிறைந்த தெரு அது. இன்று வெளிநாட்டுப் பெண்கள் வரைபடத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு தேடிவரும் அத்தெருவின் தொடக்கம் பட்டுச் செட்டிகளின் மாளிகையன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தைஷோ மன்னர் காலத்தில், அசாக்குசாப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த பழந்துணி வணிகரும் வெட்டுத்துண்டு வணிகரும் அங்கே குடியேறியதிலிருந்தே அத்தெரு உருவாயிற்று. நகரத்தின் கழிவுத்துணி வந்து சேர்ந்த இடம் அது. கந்தையிலிருந்து எழுந்த கடைத்தெரு என்று அதனைச் சொன்னால் மிகையாகாது.

ஒட்டுப்போர்வையின் வரலாறும் அவ்வாறானதே. புதுத்துணி வாங்க முடியாத வீட்டில், கிழிந்த சட்டையின் கிழியாத பாகத்தை வெட்டி, மாவுப் பையின் துணியைப் பிரித்து, குளிருக்கு ஒரு போர்வை செய்துகொள்ள வேண்டிய தேவை அதன் பிறப்பிடங்களுள் ஒன்று. இன்று நிலைமை தலைகீழாயுள்ளது. ஒட்டுப்போர்வை தைப்போருக்கென்றே முழுத்துணியை 18 அங்குலத்துக்கு ஏறத்தாழ 22 அங்குலம் என்ற அளவில் வெட்டி, வண்ணம் பார்த்து அடுக்கி, நாடாவாற் கட்டி விற்கிறார்கள். மிச்சத்துண்டு மிச்சமாயிருந்த காலம் போய், மிச்சத்துண்டையே உற்பத்தி செய்யும் காலம் வந்துள்ளது. தேவையிலிருந்து பிறந்த வடிவம் தேவை நீங்கிய பின்னும் வாழ்வது கலை வரலாற்றிற் புதிதன்று. ஏற்றப்பாட்டு ஏற்றம் நின்ற பின்னும் பாடப்படுகிறது. அவ்வாறு வாழும்போது அது தன் பிறப்பை நினைவில் வைத்திருக்கிறதா, மறந்துவிடுகிறதா என்பதே விமரிசகன் கேட்கவேண்டிய கேள்வி.

இக்கேள்வி கூர்மைபெறும் இடம் 'போறோ'. யப்பானிய மொழியில் 'போறோ' என்றால் கந்தல் என்றே பொருள். இன்று துணிப்பயணிகள் பழம்பொருட் கடைகளில் ஆவலோடு தேடும் பொருள்களுள் இதுவும் ஒன்று. நீலத்தின் மேல் நீலமாக, ஒட்டின் மேல் ஒட்டாக, வெண்ணூலின் சிறு தையல்கள் மழைத்துளிபோல் ஓடும் இத்துணிகள் ஏலங்களிலும் கலைக்கூடங்களிலும் உயர்ந்த விலை பெறுகின்றன. இவற்றின் தாயகம் யப்பானின் வடகோடியிலுள்ள ஆவோமோரி முதலான குளிர்நாட்டுக் கிராமங்கள். அங்கே பருத்தி விளையாது. சணல் இனத்து நாரிலிருந்து நெய்த துணியே குடியானவனின் உடை. போதாக்குறைக்கு, சுகாறு ஆட்சியாளர் 1724ஆம் ஆண்டுக் கட்டளையொன்றால் உழவர் இன்னது உடுக்கலாம், இன்னது உடுக்கலாகாது என்று வரையறுத்தனர். பருத்தியாடை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. பனி பொழியும் நாட்டிற் சணலாடை குளிரைத் தடுக்குமா? இழைகளுக்கிடையிலுள்ள இடைவெளியை நூலால் நெருக்கமாகத் தைத்து அடைத்தார்கள் பெண்கள். 'கொகின்' என்று இன்று புகழப்படும் வடிவியற் கோலங்கள் அவ்வாறு தோன்றின. அழகுக்காகத் தொடங்கிய தையலன்று அது. குளிருக்கும் சட்டத்துக்கும் எதிரே பெண்கள் ஊசியால் நடத்திய போராட்டம். அப்போராட்டத்தின் நடுவிலும் அவர்கள் கோலத்தின் ஒழுங்கை விடவில்லை என்பதே நாம் வியக்கவேண்டியது.

தெற்கே ஒசாக்காப் பக்கத்து நகரத்தார் உடுத்துக் கழித்த பருத்தித்துணி கப்பலேறி வடக்கே வந்தது. அந்தப் பழந்துணியின் துண்டுகளை உயிர்போலச் சேமித்து, கிழிந்த இடத்தில் ஒட்டி, அது கிழிந்தால் அதன்மேலும் ஒட்டித் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். 'தொஞ்சா' எனப்படும் படுக்கை அங்கி அவ்வாறு ஒட்டி ஒட்டித் தூக்கமுடியாத பாரமாயிற்று. அதனுள் குடும்பம் முழுவதும் ஒன்றாய் ஒடுங்கி உறங்கியது. முன்னோர் உடைகளின் துண்டுகளை இணைத்துச் செய்த 'பொதோ' என்னும் விரிப்பின்மேல் பெண்கள் பிள்ளை பெற்றார்கள். பிறக்கும் குழந்தை தன் மூதாதையரின் உடைமேல் விழுந்தது. 1891ஆம் ஆண்டில் இரயிற் பாதை ஆவோமோரியை அடைந்து, பருத்தியும் நூலும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரே இந்நிலை மெல்ல மாறிற்று.

வறுமை நீங்கியபோது வறுமையின் சின்னமும் வெட்கத்துக்குரியதாயிற்று. எரித்தவர்கள் எரித்தார்கள், ஒளித்தவர்கள் ஒளித்தார்கள். அவ்வேளையில் தனக்கா சுசபுரோ (1933-2013) என்ற ஆய்வாளர் ஊர் ஊராக நடந்து, கிழவிகளோடு பேசி, அவற்றைச் சேகரித்தார். அவர் சேகரித்த சுகாறு, நம்பு பிரதேசத் தையலாடைகளுள் 786ஐ யப்பானிய அரசு 1983ஆம் ஆண்டு முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அவர் சேகரிப்பின் ஒரு பகுதி 2009 முதல் 2019 வரை அசாக்குசாவிலிருந்த அரும்பொருளகமொன்றிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. பார்வையாளர் தொட்டுப் பார்ப்பதற்கும் அங்கே இடமிருந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் கந்தையை ஓவியமாகக் காணலாம். கையாற் தொட்டு அதன் பாரத்தை உணர்ந்தவர்க்கோ அதனை ஓவியமென்று மட்டும் சொல்ல நா எழாது.

*

இத்தகைய பொருள்களின் அழகை யப்பானில் முதலிற் கோட்பாடாக்கியவர் யனாகி சொயெற்சு (1889-1961). 1925ஆம் ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து 'மிங்கெய்' - மக்கட்கலை - என்ற சொல்லை உருவாக்கியவர். 1936இல் டோக்கியோவில் நாட்டார் கைவினை அரும்பொருளகத்தை நிறுவியவர். சுகாறுப் பெண்களின் தையலை அவர் 1930களிலேயே போற்றி எழுதினார். அன்றாடப் பயன்பாட்டிற் பிறக்கும் அழகே உண்மையான அழகு, பெயர் அறியப்படாத சாதாரண மனிதரின் கையிலேயே அது பிறக்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம்.

இக்கொள்கைக்கு நம் நாட்டோடும் ஓர் உறவுண்டு. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி தமது 'மத்திய காலச் சிங்களக் கலை' என்ற நூலை 1908இல் வெளியிட்டார். சோசலிசவாதியும் கைவினை இயக்கத்தின் முன்னோடியுமான வில்லியம் மொறிஸின் அச்சகத்தில் முன்பு இயங்கிய பொறியிலேயே அந்நூல் அச்சிடப்பட்டது. அக்காலத்தில் அவர் மனைவியாயிருந்த எதல், கண்டி நாட்டுக் கைவினைகளைத் தேடிப் படம்பிடித்துப் பதிவுசெய்ததிற் பெரும் பங்கு கொண்டவர். பின்னாளில் எதல் மெயிறே என்ற பெயரோடு இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெசவுக்கலைஞராகி, சசெக்ஸ் மாவட்டத்து டிற்ச்லிங் கிராமத்தில் வாழ்ந்தார். 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்த யப்பானிய மட்பாண்டக் கலைஞர் ஹமாடா ஷோஜி அவர் இல்லத்துக்குச் சென்று, அங்கே கண்ட வாழ்க்கை முறையால் ஈர்க்கப்பட்டார். 'மிங்கெய்' என்ற சொல்லை யனாகியோடு சேர்ந்து உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். கண்டியின் ஊசிவேலையை நோக்கிய கண்களும் யப்பானின் மக்கட்கலை இயக்கமும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தன என்பது நம் கலை வரலாற்றாசிரியர்கள் மேலும் ஆராயவேண்டிய செய்தி.

யனாகிக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். பிரபுக்களின் தேநீர்க் கிண்ணத்தை விட்டு உழவனின் சட்டியை நோக்கியவர் அவர். ஆயினும் அவர் கொள்கையின் ஒரு கூறு நம்மால் ஏற்கத்தக்கதன்று. பெயரின்மையை அவர் ஒரு பேறாகப் போற்றுகிறார். தன்முனைப்பற்ற கையிலேயே அழகு பிறக்கிறது என்கிறார். சுகாறுப் பெண் தன் பெயரைத் துறந்த துறவியா? அவளுடைய பெயரைக் கேட்க ஒருவருமில்லை, எழுதிவைக்க ஒருவருமில்லை. பெயரின்மை அவள் தேர்ந்துகொண்ட அறமன்று, அவள்மீது சுமத்தப்பட்ட சமுதாய நிலை. அந்நிலையை ஆன்மிகமாக்கிவிட்டால், அதனை உண்டாக்கிய கட்டளையும் வரியும் வறுமையும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். அதே பிரதேசத்தில் அன்றேல் அதே நாட்டிற் பெயர் அறியப்பட்ட பெண்களும் உண்டு. குறுமே நகரத்து இனூவே தென் (1788-1869) பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியாயிருந்தபோது, உடுத்து வெளுத்த பழந்துணியில் தோன்றிய வெண்புள்ளிகளைக் கூர்ந்து நோக்கி, அவ்வாறே நூலை முன்கூட்டிக் கட்டிச் சாயமிட்டு நெய்யும் முறையைக் கண்டாள் என்பது குறுமே கசுரித் துணியின் வரலாறு. பெயர் தெரிந்ததனால் அத்துணியின் அழகு குறைந்துவிட்டதா? இல்லை, ஒரு சிறுமியின் சிந்தனை அதிற் துலங்குவதனால் அது இன்னும் பெருகுகிறது.

*

கந்தையைச் சுவரில் தொங்கவிடும் வழக்கம் யப்பானுக்கு மட்டும் உரியதன்று. 1971ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்து விற்னி அரும்பொருளகத்தில் அமெரிக்க ஒட்டுப்போர்வைகள் அருவ ஓவியங்களைப்போல் தொங்கவிடப்பட்டன. கைவேலை கலைக்கூடம் ஏறியது என்று மகிழ்ந்தோர் பலர். ஆனால் 1973இல் பற்றிசியா மெயினார்டி என்ற பெண்ணிய விமரிசகர் இவ்வகைப் பாராட்டைக் கடுமையாகச் சாடினார். ஆண் ஓவியர்கள் பின்னர் செய்ததை முன்கூட்டியே செய்துவிட்டன என்பதற்காகவே போர்வைகள் போற்றப்படுகின்றன. அவற்றைச் செய்த பெண்களின் எண்ணமும் பெயரும் மரபும் பொருட்படுத்தப்படவில்லை என்பது அவர் வாதம். அவ்வாதம் இன்றும் பழுதடையவில்லை.

2002ஆம் ஆண்டில் ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகள் ஹூஸ்ரனிலும் பின்னர் அதே விற்னியிலும் காட்சிக்கு வந்தன. அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவொன்றால் மூன்று பக்கமும் சூழப்பட்ட கறுப்பின மக்களின் ஊர் அது. அடிமைகளாய்ப் பருத்தித் தோட்டத்தில் உழைத்தவர்களின் சந்ததியினர் அவர்கள். தோட்ட முதலாளியின் குடும்பப் பெயரான பெற்வேயே இன்றும் அவ்வூராரிற் பலருக்குக் குடும்பப் பெயர். பருத்தியை விளைவித்தவர்கள் பருத்தித்துணியின் கந்தலை மட்டுமே கண்டார்கள் என்பது வரலாற்றின் குரூரம். வேலைக்கார உடைகளின் தேய்ந்த முழங்காற் பகுதியும், சட்டைப்பையைப் பிரித்த இடத்தில் வெளுக்காமல் நின்ற கருநீலச் சதுரமும் அவர்களின் போர்வைகளில் வடிவங்களாயின. மிசூரி பெற்வே என்பவர் 1942இல் தம் கணவர் இறந்தபின் அவருடைய வேலையுடைகளை எல்லாம் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுப்பதற்காகவே அதைத் தைத்தார். இதனை மத்தீஸ், கிளே ஆகிய ஓவியர்களோடு ஒப்பிட்டுப் பத்திரிகை விமரிசனம் பாராட்டியது. ஒப்பீடு தவறன்று, போதாதது. மத்தீஸின் நிறம் அந்த விதவையின் துயரத்தை விளக்கமாட்டாது.

அவ்வூர்ப் பெண்கள் கலையழகின் உற்பத்தியாளர் மட்டுமல்லர்; அரசியற் போராளிகளுமாவர். வாக்காளராய்ப் பதிவுசெய்ய ஆற்றைக் கடந்து கம்டன் நகருக்குச் செல்லவேண்டும். 1962இல் தோணிச் சேவை நிறுத்தப்பட்டது. தரைவழியாற் சுற்றிச்செல்ல ஏறத்தாழ 40 மைல். அத்தோணி மீண்டும் ஓடத் தொடங்கியது 2006ஆம் ஆண்டிலேதான். 1966இல் அவ்வூரிலும் அயலூர்களிலும் வாழ்ந்த பெண்கள் 'சுதந்திரத் தையற் கூட்டுறவு' என்று பொருள்படும் சங்கத்தை அமைத்துத் தம் போர்வைகளைத் தாமே விற்கத் தொடங்கினர். பின்னர் அச்சங்கம் நிலம் வாங்கியபோது, வாக்குரிமை கோரியமையால் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கும் அதிற் பங்கு கிடைத்தது. ஊசியாற் சம்பாதித்த பணம் நிலமாயிற்று. நிலம் உரிமைக்கு அரணாயிற்று. கலைக்கூடப் புகழுக்குப் பிறகு எழுந்த பணப் பிரச்சினையால் 2007இல் அவ்வூர்ப் பெண்களிற் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2008இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அழகைப் பாராட்டுவது எளிது, அதன் பயனைப் பங்கிடுவதே கடினம் என்பதற்கு இது சான்று.

*

இவ்வளவையும் நம் முன்னே விரித்த பின் இலக்கியத்துக்கு வருவோம். மெயினார்டியின் கட்டுரை வந்த 1973ஆம் ஆண்டிலேயே அலிஸ் வாக்கரின் 'அன்றாடப் பயன்பாட்டுக்கு' என்னும் சிறுகதையும் வெளிவந்தது. தாய், வீட்டிலேயே இருந்துவிட்ட தழும்பேறிய இளைய மகள் மாகி, படித்து நகரம் சென்று புதுப்பெயரும் புதுக்கோலமும் பூண்டு திரும்பும் மூத்த மகள் டீ ஆகிய மூவரே முக்கிய பாத்திரங்கள். பாட்டியின் உடைகளும் பாட்டனின் சட்டைகளும், உள்நாட்டுப் போர்க்காலப் படையுடையின் ஒரு சிறு துண்டும் சேர்ந்த இரண்டு ஒட்டுப்போர்வைகளை டீ கேட்கிறாள். சுவரில் தொங்கவிடுவதற்காக. மாகிக்குக் கொடுத்தால் அன்றாடம் போர்த்திக் கிழித்துவிடுவாளே என்று பதறுகிறாள். தாய் அவற்றைப் பறித்து மாகியின் மடியில் வைக்கிறாள்.

இக்கதையை வாசிப்போர் பொதுவாக டீயைப் பழித்து மாகியைப் போற்றி நின்றுவிடுவர். நாம் அவ்வளவில் நிற்கலாகாது. டீ படித்ததும் பழைய அடிமைப் பெயரை உதறியதும் குற்றங்களல்ல. அடக்கப்பட்ட இனத்தின் விழிப்பு அதிலும் உண்டு. ஆசிரியை அவளைச் சற்றே கேலிச்சித்திரமாக்கியிருக்கிறார் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் கதையின் உயிர்நாடி வேறிடத்தில் உள்ளது. மாகிக்குத் தைக்கத் தெரியும். பாட்டியிடம் கற்றவள் அவள். போர்வை கிழிந்தால் இன்னொன்று தைப்பாள். டீயிடம் போர்வை இருந்தால் ஒரு பொருள் காப்பாற்றப்படும். மாகியிடம் இருந்தால் ஒரு மரபு காப்பாற்றப்படும். பண்பாட்டைப் பொருளாகக் காண்பதற்கும் ஆற்றலாகக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதைகள் மிகச் சில.

இந்த அளவுகோலால் அளந்தால், துணிப்பயணம் செல்லும் பெண்களை வெறும் நுகர்வோர் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் டீயைப்போல் வாங்குபவர்கள். மாகியைப்போல் தைக்கத் தெரிந்தவர்கள். இரு பண்பும் ஒருவரிடத்திற் கூடியிருக்கும் இம்முரண்பாடே நம் கவனத்துக்குரியது. துணியை அறிந்த கை, துணியைச் செய்த கையை மற்றவரிலும் விரைவில் இனங்காண வல்லது. அந்த ஆற்றல் அவர்களிடம் உண்டு. அதனைப் பயன்படுத்த அவர்களின் எழுத்து இன்னும் துணியவில்லை.

'தோழியர்' என்ற சொல்லையும் நாம் இலேசாகக் கடந்துபோகலாகாது. சூசன் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய 'அற்பங்கள்' என்ற ஓரங்க நாடகத்தையும், அதனையே அவர் மறுவாண்டு சிறுகதையாக்கிய 'அவள் நிகர்த்தோரின் யூரி'யையும் நினைவிற் கொள்வோம். கணவனைக் கொன்றாள் என்று சந்தேகிக்கப்படும் ஒரு பெண்ணின் வீட்டைச் சோதிக்க அதிகாரிகள் வருகின்றனர். உடன்வந்த இரு பெண்கள் சமையலறையில், முடியாத ஒட்டுப்போர்வையின் துண்டுகளைக் காண்கின்றனர். இதை எப்படித் தைக்க எண்ணியிருந்தாளோ என்று அவர்கள் பேசுவதைக் கேட்டு ஆண்கள் சிரிக்கின்றனர். ஆனால் ஒழுங்கான தையலுக்கு நடுவே ஒரு துண்டில் மட்டும் தையல் குலைந்திருப்பதைப் பெண்களின் கண்களே காண்கின்றன. அத்தையலிலிருந்து அவளது தனிமையையும் துன்பத்தையும் அவர்களே வாசிக்கின்றனர். ஒருத்தி அக்குலைந்த தையலைப் பிரித்துத் திருத்தமாகத் தைக்கிறாள். கழுத்து முறிக்கப்பட்ட பாடும் பறவையைத் தையற்பெட்டிக்குள் கண்டதும் இருவரும் அதனை மறைத்துவிடுகின்றனர். பெண்கள் யூரியில் அமர முடியாதிருந்த நாட்டில், ஒரு சமையலறை யூரியாகிறது. சேர்ந்து தைப்பது சேர்ந்து வாசிப்பதுமாகும் என்பதை இதனினும் வலுவாக யார் உணர்த்தமுடியும்? அந்தப் பெண் கொடுமையை அனுபவித்தபோது அவளோடு இருந்து தைக்க ஒரு தோழி இருந்திருந்தால் என்ற எண்ணமே நாடகத்தின் அடியில் ஓடும் வேதனை.

ஆகவே, வீட்டு வேலையிலிருந்து சில நாள் விடுபட்டு, தோழியரோடு கடல்கடந்து, தாம் விரும்பும் ஒன்றைத் தாமே தேர்ந்து வாங்கும் பெண்ணின் மகிழ்ச்சியை நாம் பழிக்கமாட்டோம். உழைப்பிலிருந்து ஓய்வும், ஓய்விற் படைப்பும் மனிதர் எல்லோர்க்கும் உரியவை. அவ்வுரிமை எல்லோர்க்கும் கிடைக்கவில்லை என்பதே நம் முறைப்பாடு. நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து, தலைமுறை தலைமுறையாகக் கிராமத்து இளம்பெண்கள் அந்நிய நாட்டார் உடுக்கும் உடைகளைத் தைத்துவருகின்றனர். நாள் முழுதும் ஒருத்தி கைப்பட்டி மட்டும் தைப்பாள், இன்னொருத்தி கழுத்துப்பட்டி மட்டும். முழு உடையை அவர்களில் எவரும் தைப்பதில்லை. தையல் அவர்களுக்குக் கலையன்று, மணித்தியாலக் கணக்கு. டோக்கியோக் கடையில் நீலத்தைத் தேர்பவளும் கட்டுநாயக்கவில் கைப்பட்டி தைப்பவளும் ஒரே ஊசியையே பிடிக்கின்றனர். ஒருத்தியிடம் ஊசி விடுதலை, மற்றவளிடம் அது நுகம். இவ்வேறுபாட்டை ஊசி உண்டாக்கவில்லை.

விமரிசனம் இங்கு என்ன செய்யவேண்டும்? துணிப்பயண எழுத்து, கடைகளின் பட்டியலைத் தாண்டித் துணியின் வழியே நடக்கவேண்டும். நிப்போரித் தெருவை எழுதுபவர் அதன் கந்தை வணிகரையும் எழுதட்டும். போறோவை வாங்குபவர், எந்தக் கட்டளையும் எந்தக் குளிரும் அதனைத் தைக்கவைத்தன என்று கேட்டு எழுதட்டும். அது அவர்களின் மகிழ்ச்சியைக் குறைக்காது, பொருளுடையதாக்கும். நம் எழுத்தாளர்க்கும் இதிற் பங்குண்டு. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கற்பித்த சமுதாயம் நாம். கசக்கியவர் யார், கட்டியவர் யார், அதைத் தைத்தவர் யார் என்று எழுதிவைத்தோமா? நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்புகளும், பிள்ளைக்கு விரித்த மெல்லிய துணிகளும் எத்தனை வீடுகளில் இன்னும் இருக்கின்றனவோ, அத்தனை ஆவணங்கள் நம்மிடம் உண்டு. தைத்தவரின் பெயரைக் கேட்கக்கூடிய கிழவிகள் உயிரோடிருக்கும்போதே கேட்டாகவேண்டும். மாணவியர் தையற் கொப்பியில் ஒரு தையலை ஒட்டும்போது, அதைக் கற்பித்த பாட்டியின் பெயரையும் அதன்கீழ் எழுதச் சொல்வோம். விமரிசனம் அங்கிருந்தே தொடங்கலாம்.